1776க்கும் 1787க்கும் நடுவே ஒரு அம்புக்குறி போதாது: குடியுரிமை வகுப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பை நடத்தும் குழுவினருக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புதிய பாடத்திட்டத்தில், அமெரிக்காவின் முதல் அரசை அமைத்த கூட்டமைப்பு விதிகள் (Articles of Confederation) பற்றிய பகுதி மொத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது. கைப்பிரதியில் 1776 சுதந்திரப் பிரகடனம், அதற்கு நேர் கீழே 1787 அரசியலமைப்பு. நடுவில் ஒரு அம்புக்குறி. அதன் பக்கத்தில் "முதல் அரசு பலவீனமாக இருந்ததால் கலைக்கப்பட்டது" என்று ஒரே வரி. பிரின்ஸ்டன் பயணத்தையும் ரத்து செய்துவிட்டீர்கள். காரணம் கேட்டால், "அது டெஸ்ட்டில் வராது, அந்த நேரத்தில் மாதிரி இன்டர்வியூ வைக்கலாம்" என்கிறீர்கள். குழுவுக்குள் பேசிப் பார்த்தேன். "அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் வகுப்புக்கு வருபவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலும் பிள்ளைகளோடு நியூ ஜெர்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்கள். 50 வயது தாண்டி 20 ஆண்டு கிரீன் கார்டு வைத்திருந்தாலோ, 55 தாண்டி 15 ஆண்டு வைத்திருந்தாலோ குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் சொல்லலாம். நம் வகுப்பு தமிழில் நடப்பதே அதனால்தான். ஆங்கிலம் தடையாக இருக்கிறதே தவிர, அரசியல் இவர்களுக்குத் தடையில்லை. பேப்பர் படித்து, தேர்தல் பார்த்து, டீக்கடையில் வாதாடி வளர்ந்தவர்கள். இவர்களிடம் போய் "கேள்வி, எத்தனை செனட்டர்கள்? பதில், 100, சொல்லுங்க" என்று கிளிப்பிள்ளைப் பாடம் நடத்துவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன பேட்ச்சில் ஒரு அம்மா கேட்டார்: "வயோமிங்குக்கும் ரெண்டு செனட்டர், கலிபோர்னியாவுக்கும் ரெண்டா? யாரு தம்பி இப்படிப் பிரிச்சது?" நல்ல கேள்வி. ஒரு பக்கம் ஆறு லட்சம்கூட இல்லாத மக்கள்தொகை, மறு பக்கம் கிட்டத்தட்ட நாலு கோடி. உங்கள் புதிய கைப்பிரதியை வைத்துக்கொண்டு இந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் வெட்டிய பகுதியில்தான் பதில் இருக்கிறது. முதல் அரசில் மாநிலம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓட்டு. வர்ஜீனியாவுக்கும் ஒன்று, டெலவேருக்கும் ஒன்று. 1787இல் பிலடெல்பியாவில் நடந்த அரசியலமைப்பு மாநாட்டில் பெரிய மாநிலங்கள் அதை மாற்றப் பார்த்தபோது, விட மாட்டோம் என்று எழுந்தவர்களில் முக்கியமானவர் நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன். பேட்டர்சன் நகரத்துக்கு அவர் பெயர்தான். அவரும் மற்ற சிறிய மாநிலத்துக்காரர்களும் போராடி, பழைய ஓட்டு முறையில் பாதியை, இரு அவைகளில் ஒன்றான செனட்டில் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர் செய்த வேலை என்று சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு அந்தக் கேள்வியை அவர் மறக்கவே இல்லை.

டெஸ்ட்டில் வராது என்கிறீர்களே, டெஸ்ட்டில் வரும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தலைநகர் எது? வாஷிங்டன் டி.சி. சரி. அது ஏன் எந்த மாநிலத்துக்குள்ளும் இல்லை?

1783 ஜூன் 21ஆம் தேதி பிலடெல்பியாவில் நடந்ததைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. சுதந்திரப் போர் முடிந்தும் சம்பளம் வராத சிப்பாய்கள் சில நூறு பேர் துப்பாக்கியோடு வந்து, காங்கிரஸ் (அன்றைய அமெரிக்க நாடாளுமன்றம்) கூடும் கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம். பக்கத்துக் கடைகளிலிருந்து சாராயம் வேறு வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு நாட்டின் அரசு உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஒரு காவலர்கூட இல்லை. மாநிலப் படையைக் கூப்பிடுங்கள் என்று பென்சில்வேனியா நிர்வாகத்திடம் கேட்டார்கள். அந்த நிர்வாகத்தின் தலைவர் ஜான் டிக்கின்சன். 1776இல் கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதியவரே அவர்தான்! அவருடைய நிர்வாகம் படையைக் கூப்பிட மறுத்தது. கூப்பிட்டாலும் அவர்கள் யார் பக்கம் நிற்பார்களோ என்ற பயம்.

காங்கிரஸ் ஊரைவிட்டுக் கிளம்பியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் நியூ ஜெர்சியின் எலியஸ் பூடினோ. அவர் அழைத்து வந்த இடம் பிரின்ஸ்டன். ஜூன் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை அங்கே கல்லூரியின் நாசோ ஹாலில் அமெரிக்க அரசு நடந்தது. சின்ன ஊர், தங்க இடமில்லை. பின்னாளில் அரசியலமைப்பின் தந்தை என்று பெயர் வாங்கிய ஜேம்ஸ் மேடிசன், பத்தடிக்குப் பத்தடிகூட முழுசாக இல்லாத ஒரு அறையில், இன்னொரு பிரதிநிதியோடு ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொண்டு கிடந்ததாகக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அங்கிருந்து அனாபொலிஸ், பிறகு டிரென்டன், பிறகு நியூ யார்க். இப்படி ஊர் ஊராக அலைந்த அனுபவத்தால்தான், எந்த மாநிலத்தின் தயவும் வேண்டாத பத்து மைல் சதுரத்துக்கு மிகாத ஒரு நிலம் தலைநகருக்கு வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்தார்கள்.

நாசோ ஹால் நம் வகுப்பு நடக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லை. போன முறை அழைத்துப் போனபோது வாசலில் இருக்கும் இரண்டு வெண்கலப் புலிகளோடு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். பிக்னிக் மாதிரி ஆகிவிட்டது என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் அதே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு ஐயா அரை மணி நேரம் கேள்வி கேட்டார்: "சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமலா போச்சு? வரி போட்டிருக்கலாமே?"

போட முடியாது என்பதுதான் விஷயமே. கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸ் போர் தொடுக்கலாம், உடன்படிக்கை செய்யலாம், கடன் வாங்கலாம். வரி மட்டும் போட முடியாது. மாநிலங்களிடம் இவ்வளவு கொடுங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான். 1781 அக்டோபரில் 80 லட்சம் டாலர் கேட்டார்கள். 1784 தொடக்கம்வரை வந்து சேர்ந்தது 15 லட்சம்கூட இல்லை. கொடுக்காத மாநிலத்தை எதுவும் செய்ய முடியாது. இறக்குமதிக்கு ஐந்து சதவீதம் வரி போட அனுமதி கொடுங்கள் என்று 1781இல் கேட்டார்கள். விதிகளைத் திருத்த 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ரோட் ஐலண்ட் மட்டும் முடியாது என்றது. அவ்வளவு சின்ன மாநிலம் சொன்ன ஒரு 'முடியாது' போதும், திட்டம் செத்தது. 1783இல் மறுபடி கேட்டார்கள். இந்த முறை முட்டுக்கட்டை நியூ யார்க்.

இந்த இடத்தில் நியூ ஜெர்சியின் கதையைச் சொன்னால் நம் வகுப்பே எழுந்து உட்காரும். அன்று நமக்குச் சொல்லிக்கொள்ளும்படி துறைமுகம் இல்லை. வெளிநாட்டுச் சரக்கெல்லாம் நியூ யார்க் வழியாகவோ பிலடெல்பியா வழியாகவோதான் வரும். அங்கே கட்டும் வரி விலையில் ஏறி, நியூ ஜெர்சி விவசாயி தலையில் விழும். பணமோ பக்கத்து மாநிலத்தின் கஜானாவுக்குப் போகும். இரண்டு பக்கமும் குழாய் வைத்து உறிஞ்சும் பீப்பாய் என்று அப்போதே நம் மாநிலத்தைச் சொன்னார்களாம். மேடிசன் எழுதி வைத்திருக்கிறார். 1786 பிப்ரவரியில் நியூ ஜெர்சி சட்டமன்றம் பொறுமை இழந்தது. நியூ யார்க் அந்த இறக்குமதி வரிக்கு ஒத்துக்கொள்ளும்வரை காங்கிரஸுக்கு நயா பைசா கிடையாது என்று தீர்மானம் போட்டது. பதறிப்போன காங்கிரஸ் மூன்று பேரைச் சமாதானம் பேச அனுப்பியது. தீர்மானத்தை நியூ ஜெர்சி திரும்பப் பெற்றது. பணத்தைக் கொடுக்க மட்டும் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

தமிழ்நாட்டில் வணிகவரி செக்போஸ்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இதைக் கேட்டுவிட்டு, "மாநில எல்லையில லாரி நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பித்து, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஏன் காங்கிரஸ் கையில் கொடுத்தார்கள் என்பதை என்னைவிட நன்றாக மற்றவர்களுக்கு விளக்கினார். நான் ஓரமாக நின்றுவிட்டேன். அப்படி ஒரு வகுப்பைத்தான் "நேரம் வீண்" என்கிறீர்கள்.

அந்த ஒற்றை வரி சொல்வதும் முழு உண்மை இல்லை. 'பலவீனமாக இருந்தது' என்றால் ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தெரிந்தேதான் செய்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்த நாடாளுமன்றம் ஒன்று தங்களைக் கேட்காமல் வரி போட்டதற்காகப் போர் நடத்திக்கொண்டிருந்தவர்கள், இன்னொரு தொலைதூர அரசிடம் அதே சாவியைக் கொடுக்க விரும்பவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தானே வைத்துக்கொள்கிறது என்ற விதியை வட கரோலினாவின் தாமஸ் பர்க் கேட்டு வாங்கிச் சேர்த்தார். தலைமை நிர்வாகி கிடையாது, தேசிய நீதிமன்ற அமைப்பு கிடையாது. ஒரு பிரதிநிதி ஆறு ஆண்டில் மூன்று ஆண்டுக்கு மேல் காங்கிரஸில் உட்காரக்கூட முடியாது. பயந்தவர்கள் கட்டிய வீடு அது, பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1788இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி போன்றவர்கள் முழங்கியதும் அதே பயத்தில்தான். அவர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த நெருக்கடியில்தான் அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களான உரிமைகள் சாசனம் வந்தது. முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று 2008 டெஸ்ட்டில் கேள்வி இருந்ததே, அதன் வேர் இங்கேதான்.

அந்த அரசு உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்பதும் தவறு. பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கையை முடித்தது அதுதான். (அதற்கு ஒப்புதல் தர ஒன்பது மாநிலப் பிரதிநிதிகள் அனாபொலிஸில் கூட வேண்டும், ஆள் வராமல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்து, தென் கரோலினாவின் உடம்பு சரியில்லாத பிரதிநிதி ஒருவர் வந்து சேர்ந்த பிறகு 1784 ஜனவரி 14இல் ஒருவழியாக நிறைவேற்றினார்கள்.) 1787இல் வடமேற்குப் பகுதிக்கான சட்டம் போட்டு, ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை விதித்தார்கள். அங்கே உருவாகும் புதிய மாநிலங்கள் பழையவற்றுக்குச் சமம் என்றார்கள். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு அந்தச் சட்டம் நல்ல வார்த்தை சொன்னது, நிலத்தையோ பறித்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகவே கேட்கிறேன். அடிமை முறை பற்றிய பேச்சு வருவது சங்கடமாக இருக்கிறது என்பதும் இந்த வெட்டுக்கு ஒரு காரணமா? கூட்டமைப்பு விதிகளின் வரைவு விவாதத்தில், 1776 ஜூலையில், மாநிலங்களின் பங்குத் தொகையைத் தலைக்கணக்கில் பிரிப்பதா என்று பேச்சு வந்தது. அடிமைகள் எங்கள் சொத்து, ஆடு மாடு நிலத்தைவிட அவர்களுக்கு ஏன் அதிக வரி என்று தென் கரோலினாவின் தாமஸ் லிஞ்ச் கேட்டார். ஆடுகள் கலகம் செய்யாதே என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் தலைக்கணக்கை விட்டுவிட்டு நில மதிப்பை வைத்துப் பிரித்தார்கள். அது வேலைக்கு ஆகவில்லை. 1783இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடலாம் என்றார்கள். அந்தத் திருத்தம் எல்லா மாநிலமும் ஒத்துக்கொள்ளாததால் நிறைவேறவில்லை. கணக்கு மட்டும் சாகவில்லை. நாலு ஆண்டு கழித்து, வரிக்கு மட்டுமல்ல பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கும் சேர்த்து, அரசியலமைப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. இதைத் தெரியாமல் உள்நாட்டுப் போர் பற்றிய கேள்விகளுக்கு 'அடிமை முறை' என்று பதில் சொல்லிக் கொடுப்பதில் என்ன பயன்?

நம் வகுப்பின் பெயரிலேயே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டமைப்பு விதிகளின் காலத்தில் குடியுரிமை கொடுப்பது மாநிலங்களின் வேலை. ஒரு மாநிலத்தில் ஒரு நிபந்தனை, அடுத்ததில் வேறொன்று. ஆனால் ஒரு மாநிலத்தின் சுதந்திரக் குடிகளுக்கு மற்ற மாநிலங்களிலும் அதே உரிமை உண்டு என்று நான்காவது விதி சொன்னது. ஆக, உங்கள் மாநிலம் வேண்டாம் என்ற ஆளுக்குப் பக்கத்து மாநிலம் குடியுரிமை கொடுத்துவிட்டால், அவர் திரும்பி வந்து உரிமை கேட்கலாம். இந்தக் குளறுபடியை மேடிசன் எடுத்துக் காட்டி எழுதினார். நாடு முழுவதற்கும் ஒரே குடியுரிமைச் சட்டம் போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு வந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதை வைத்து 1790இல் போட்ட முதல் சட்டமே, சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. இந்தியர்களுக்குக் கதவு சட்டப்படி திறந்தது 1946இல். நம் பெரியவர்கள் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கும் அந்த நிகழ்ச்சியே 1781 முதல் 1789 வரையிலான அந்த எட்டு ஆண்டுக் குழப்பத்திலிருந்து வந்த ஒன்று. இதையும் அவர்களுக்குச் சொல்லக்கூடாதா?

"அரசியலமைப்பு மாநாட்டில் என்ன நடந்தது?" என்ற 2008 டெஸ்ட் கேள்விக்கு "அரசியலமைப்பு எழுதப்பட்டது" என்பது பதில். இன்டர்வியூவுக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் 1787 பிப்ரவரியில் காங்கிரஸ் அந்த மாநாட்டுக்கு அனுமதி கொடுத்தது பழைய விதிகளைத் திருத்துவதற்கு மட்டும். போனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாகவே ஒன்றை எழுதினார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியைத் தாண்டி, ஒன்பது போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். இது சரியா தவறா என்று நம் வகுப்பில் ஒருமுறை பெரிய வாக்குவாதமே நடந்தது. செக்போஸ்ட் ஐயா ஒரு பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எதிர்ப்பக்கம். இருவருக்கும் டெஸ்ட்டில் அந்தக் கேள்வி வந்ததா என்று எனக்குத் தெரியாது. இருவரும் பாஸ்.

நேரம் போதவில்லை என்ற உங்கள் கவலை பொய்யில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் பெற்றோரைக் கொண்டுவந்து விட வேண்டும், ஹால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கிறது. மாதிரி இன்டர்வியூவைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் அறிமுகத்திலும் கடைசி நாள் பாராட்டு விழாவிலும் போகும் நேரத்தைக் குறையுங்கள் என்கிறேன். பொன்னாடைகளைக் கொஞ்சம் குறைத்தாலே ஒரு வகுப்பு கிடைக்கும்.

குழுவிடம் நான் கேட்பது இவைதான். கைப்பிரதியில் அந்த அம்புக்குறியை எடுத்துவிட்டு, 1777 நவம்பரில் காங்கிரஸ் விதிகளை ஏற்றது, 1781 மார்ச் 1இல் அவை அமலுக்கு வந்தது, 1783 சிப்பாய் கலகம், 1787 மாநாட்டுக்கு வழிவகுத்த 1786 அனாபொலிஸ் கூட்டம் ஆகிய நான்கையும் காலவரிசையில் போடுங்கள். 'பலவீனமாக இருந்ததால் கலைக்கப்பட்டது' என்ற வரியை நீக்குங்கள். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் நான் எழுதித் தருகிறேன், குழுவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இந்தக் காலத்துக்கென்று ஒரு முழு வகுப்பைத் திரும்பக் கொடுங்கள், அதில் அடிமை முறை விவாதமும் 1790 சட்டமும் கட்டாயம் இருக்கட்டும். பிரின்ஸ்டன் பயணத்தை மறுபடி சேருங்கள். வேன் செலவுதான் பிரச்சினை என்றால் ஓட்ட நாங்கள் மூன்று தன்னார்வலர்கள் தயார். பாடத்தை வெட்டும் முடிவை இனி எடுக்கும்போது, எடுப்பதற்கு முன்னால் வகுப்பு எடுப்பவர்களையும் படித்து முடித்தவர்களில் இருவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்த பேட்ச்சுக்குக் கைப்பிரதி அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் வரலாறு எடுக்கும் தன்னார்வலர்